அழைப்பில்லாமல் பாடியவர்கள்: சேலத்து பங்க் குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சேலத்தில் 2011 முதல் 2014 வரை நான்கு இளைஞர்கள் சேர்ந்து பங்க் எனப்படும், வேகமும் சத்தமும் மிகுந்த எளிய ராக் இசைக்கான ஒரு குழுவை நடத்தினார்கள். அதற்குள் சொந்தமாகப் பதினொரு பாடல்கள் எழுதி, மூன்று முறை பொதுமேடை ஏறி, ஒரே ஒரு முறை ஒலிப்பதிவு செய்து, பிறகு சண்டை சச்சரவு ஏதுமின்றிக் கலைந்துபோனார்கள். உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டபடி அவர்களுடைய பெயர்களையும் குழுவின் பெயரையும் இங்கே தரவில்லை. அவர்களுடைய ஒத்திகைகள் சிலவற்றையும் கடைசிக் கச்சேரியையும் நேரில் கேட்டவன் என்ற முறையிலும், பின்னர் நால்வரிடமும், ஒலி அமைத்துக் கொடுத்தவரிடமும் பேசியதை வைத்தும் இதை எழுதுகிறேன்.

இந்தக் குழு ஏன் நிலைக்கவில்லை என்று கேட்டால் ஊரில் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: சேலத்தில் இதையெல்லாம் யார் கேட்பார்கள் என்பார்கள். கிடைத்த விவரங்கள் அந்தப் பதிலுக்கு இடம் கொடுக்கவில்லை. கேட்க ஆள் இருந்தது. யாரும் அழைக்காமல், யாருடைய செலவிலும் இல்லாமல், தாமாகவே ஒரு மாலை நேரத்தை எடுத்துக்கொண்டு பாடுவதற்கான இடம் மட்டும்தான் இந்த ஊரின் ஏற்பாட்டில் இல்லை.

நால்வரும் அவரவர் வழியும்

பாடியவர் கொண்டலாம்பட்டி பக்கம் விசைத்தறி வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்தவர், பாலிடெக்னிக் முடித்திருந்தார். கிட்டார் வாசித்தவரின் வீட்டார் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தினார்கள். அவர் அப்போது பொறியியல் மாணவர். பேஸ் கிட்டார் வாசித்தவர் ஏற்காட்டுக்காரர். காப்பித் தோட்டமொன்றில் கணக்கு எழுதியவரின் மகனான அவர், மலையில் இருந்த மிஷன் பள்ளியில் பியானோ பழகியிருந்தார். டிரம்ஸ் வாசித்தவர் அன்னதானப்பட்டியில் ஃபிளக்ஸ் அச்சிடும் கடையில் வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பெந்தெகொஸ்தே சபையில் ஆராதனைக்கு டிரம்ஸ் அடித்து அந்தக் கையைப் பழக்கிக்கொண்டவர்.

மேற்கத்திய இசை சேலத்துக்கு வந்து சேரும் இரண்டு பாதைகளும் இந்த நால்வருக்குள்ளேயே இருப்பதைக் கவனிக்கலாம். ஒரு பாதை மலையிலிருந்து இறங்குவது. சேர்வராயன் மலையில் 1820களிலேயே காப்பி பயிரான பிறகு வெள்ளைத் தோட்டக்காரர்களும், அவர்களைத் தொடர்ந்து மிஷன் பள்ளிகளும் அங்கே நிலைகொண்டதால், பியானோவும் பாடற்குழுவும் ஏற்காட்டில் நூறாண்டுக்கு மேலாகப் புழங்கும் பொருள்கள். மற்றொரு பாதை ஊருக்குள்ளேயே இருக்கும் சபைகள். எந்தப் பயிற்சிப் பள்ளிக்கும் கட்டணம் கட்ட முடியாத ஒரு பையன் முழு டிரம்ஸ் செட்டின் முன்னால் உட்காரக்கூடிய ஒரே இடம் தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் பெரும்பாலும் சபைதான். இதைப் பற்றி நம் இசை விமர்சகர்கள் போதுமான அளவு எழுதியதில்லை என்பது என் எண்ணம்.

பங்க் இசை இவர்களிடம் வந்தது ஏற்காட்டுப் பள்ளியில் படித்த மூத்த மாணவர் ஒருவருடைய ஹார்ட் டிஸ்க் வழியாக. அதில் இருந்தவற்றுள் நியூயார்க்கின் ரமோன்ஸ் குழுவினர் 1976இல் வெளியிட்ட முதல் தொகுப்புதான் நால்வரையும் ஒன்றாக உட்கார வைத்தது. பதினான்கு பாடல்கள், மொத்தமாக அரை மணி நேரத்துக்கும் குறைவு. கிட்டார் தனி ஆவர்த்தனம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. பாட்டு தொடங்கிய வேகத்தில் முடிந்துவிடும். அதுவரை கல்லூரி விழாக்களில் மெட்டல் குழுக்கள் வாசித்த நீண்ட கிட்டார் வரிசைகளைக் கேட்டுத் தன்னால் இது முடியாது என்று ஒதுங்கியிருந்த கொலுசுப் பட்டறை வீட்டுப் பிள்ளைக்கு, இதை அடுத்த வாரமே வாசித்துவிடலாம் என்று பட்டிருக்கிறது. பங்க் உலகெங்கும் சிறு நகரங்களுக்குப் பரவியதற்கும் இதுவே முதல் காரணம். மான்செஸ்டர் பகுதியில் உருவான பஸ்காக்ஸ் குழுவினர் 500 பவுண்டு கடன் வாங்கி 1977 ஜனவரியில் தங்கள் இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டபோது, லண்டன் நிறுவனங்களின் தயவு இல்லாமலும் இது நடக்கும் என்று ஊருக்கு ஊர் பையன்கள் தெரிந்துகொண்டார்கள்.

தறிக்கூடத்து ஒத்திகை

கருவிகள் எளியவை. கிட்டார், கிவ்சன் என்ற இந்தியத் தயாரிப்பு; பேஸ் பழைய விலைக்கு வாங்கியது. டிரம்ஸ் செட்டை சபையிடமிருந்து வார நாள்களில் இரவல் பெற்று, சனிக்கிழமை இரவுக்குள் திருப்பி வைத்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். கிட்டாருக்கென்று தனி ஆம்ப் வாங்கும்வரை, திருவிழாக்களில் மைக் செட்டுக்குப் பயன்படும் அகுஜா ஆம்ப்ளிஃபயரிலேயே கிட்டாரைச் செருகினார்கள். மைக்கின் மெல்லிய மின்சமிக்ஞைக்கென்று அமைத்த உள்ளீட்டில் கிட்டாரின் வலுவான மின்சமிக்ஞை போய் விழும்போது ஒலி அலையின் முகடுகள் வெட்டுப்பட்டுக் கரகரப்பு தானாகவே வந்துவிடும். அதைக் கூம்பு வடிவ ஒலிபெருக்கி வழியாக வெளியே விட்டால் தாழ்சுரங்கள் ஏறத்தாழ முற்றிலும் போய்விட, நடுப்பகுதி ஒலி மட்டும் ஆணியைப் போல் காதில் இறங்கும். பின்னாளில் அந்தக் கரகரப்பை உண்டாக்கும் டிஸ்டார்ஷன் பெடலும் ஆம்பும் வாங்கிய பிறகும், அந்தப் பழைய ஒலியே தங்களுடையது என்று கிட்டார் வாசித்தவர் சொல்வார். நானும் அப்படியே நினைக்கிறேன்.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லிவிட வேண்டும். பங்க் கிட்டாரில் பெரும்பாலும் ஒலிப்பது கார்டு எனப்படும், மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் முழுக் கட்டு அன்று. ஆதார சுரமும் அதன் ஐந்தாம் சுரமும் மட்டும் சேர்ந்த இரட்டை, அதாவது நம் தம்பூராவில் ஓயாமல் ஒலிக்கும் ஷட்ஜமும் பஞ்சமமும். அவற்றின் அதிர்வு 2:3 என்ற எளிய விகிதத்தில் இருப்பதால், கரகரப்பு கூடும்போது பிறக்கும் உபரி ஒலிகளும் அந்தச் சுரங்களோடு ஒட்டியே விழுகின்றன. இடையில் காந்தாரத்தைச் சேர்த்தால் உபரி ஒலிகள் ஒன்றோடொன்று மோதி எல்லாம் கலங்கிப்போகும். பாடியவருடைய தந்தை பஜனைக்குச் சுருதிப்பெட்டி வாசிப்பவர். முதல் நாள் ஒத்திகையைக் கேட்டுவிட்டு, பையன்கள் சுருதி மட்டும் சேர்த்துவிட்டுப் பாட்டைத் தொடங்காமலேயே முடித்துவிடுகிறார்கள் என்று அவர் குறைபட்டுக்கொண்டதாகச் சொன்னார்கள். பொருளளவில் அந்த விமர்சனத்தில் பிழையில்லை.

ஒத்திகைக்கு இடம் கிடைத்தது பாடியவரின் குடும்பத்துத் தறிக்குடோனில். பாதித் தறிகளை விற்றுவிட்டிருந்ததால் ஒரு பக்கம் காலியாக இருந்தது. ஷட்டில் தறி ஓடும் கூடத்தின் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். அக்கம்பக்கத்திலும் தறிகளே ஓடியதால் நான்கு பேர் எவ்வளவு சத்தமாக வாசித்தாலும் தெருவில் ஒருவருக்கும் தனியாகக் கேட்காது. ஒலி காப்புச் செய்த ஸ்டுடியோ நாளொன்றுக்கு வாங்கும் வாடகையை நினைத்துப் பார்த்தால், இந்தத் தறிச்சத்தம் அவர்களுக்குக் கிடைத்த பெரிய கொடை.

அந்தக் கொடை 2012இல் தலைகீழானது. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் மின்தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தது. சென்னைக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு என்றால், மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாத நாள்கள் சாதாரணமாக இருந்தன. மின்சாரம் இருக்கும் நேரத்தில் எல்லாத் தறிகளையும் ஓட்டியே தீர வேண்டும் என்பதால் கூடத்தில் இவர்களுக்கு இடமில்லை. மின்சாரம் போனதும் கூடம் காலியாகும். ஆனால் கிட்டாரும் பேஸும் ஊமையாகிவிடும். டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும். அப்போது தெருவில் எந்தத் தறியும் ஓடாததால், அதுவரை யாருக்கும் கேட்காத டிரம்ஸ் தெருவுக்கே கேட்கும். முதல் முறையாகப் புகார் வந்ததும் அந்த மாதங்களில்தான். மின்வெட்டினால் தறி ஓடாமல் கூலி இழந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள், உள்ளே ஒருவன் விளையாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கிறான் என்று எரிச்சலடைந்ததில் நியாயம் இருந்தது. பாடியவர் அதை உணர்ந்து ஒத்திகையை நிறுத்திவிட்டு அந்த இடைவெளியில் பாட்டு எழுத உட்கார்ந்தார். குழுவின் பதினொரு பாடல்களில் ஏழு அந்த ஆண்டில் எழுதப்பட்டவை. மின்வெட்டு, கல்லூரி அபராதம், ஹால் டிக்கெட்டை நிறுத்திவைப்பது, கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும்போது எழும் புகை, ஃபிளக்ஸ் பலகையில் தன் முகத்தைப் பெரிதாக அச்சிடச் சொல்லும் வட்டப் பிரமுகர் என்று அவற்றின் பொருள்கள் எல்லாம் ஊருக்குள்ளிருந்தே வந்தன.

தமிழில் கத்துவதில் இருந்த சிக்கல்

தொடக்கத்தில் அவர்கள் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்திருக்கிறார்கள். டிரம்ஸ் வாசித்தவர் தனக்குப் புரியாத பாட்டுக்கு எங்கே ஓங்கி அடிப்பது என்று தெரியவில்லை என்று சொன்ன பிறகு தமிழுக்கு மாறினார்கள். மாறியதும் புதிய சிக்கல் எழுந்தது. நிமிடத்துக்கு 180 தட்டு என்ற வேகத்தில், ஒரு தட்டுக்கு இரண்டு ஒலி என்று வைத்தால், நொடிக்கு ஆறு ஒலிகளைப் பாட வேண்டும். ‘கொண்டிருக்கிறார்கள்’ என்ற ஒரே துணைவினை அந்த ஒரு நொடியை முழுமையாக விழுங்கிவிடும். எழுத்து நடையில் அமைந்த முதல் மூன்று பாடல்களும் இதனால் மூச்சுத் திணறி நின்றுபோயின.

இதற்கு அவர்கள் கண்ட வழிகள் இந்த நிகழ்விலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முதலாவது, வினைமுற்றுகளைக் கூடியவரை விட்டுவிட்டுப் பெயர்களாலும் ஏவல்களாலும் எழுதினார்கள். ஊர்வலங்களில் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிச் சொல்லும் கோஷங்களின் அமைப்பு அதுதான். தொழிற்சங்க ஊர்வலங்களைப் பார்த்து வளர்ந்த ஊரில் அதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது, ஆங்கிலப் பாடல்களைப் போல் வரியின் கடைசியில் இயைபு தேடுவதைக் கைவிட்டார்கள். தமிழ்ச் செய்யுள் தன் ஓசைக்கட்டை மோனையாகவும் எதுகையாகவும் அடியின் தொடக்கத்தில் வைத்திருக்கிறது. பங்க் இசையிலும் அழுத்தமான தட்டு ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலேயே விழுவதால், முதல் எழுத்தும் இரண்டாம் எழுத்தும் ஒத்துவரும் சொற்களை அங்கே வைத்தபோது கத்தும் வரிகூடத் தெளிவாகக் காதில் விழுந்தது. பாடியவர் பத்தாம் வகுப்பில் படித்த யாப்பு தவிர வேறு இலக்கணம் அறியாதவர். அந்த அறிவு அவருக்குப் பயன்பட்டதைக் கேட்டால் அவருடைய தமிழாசிரியர் மகிழ்வாரா வருந்துவாரா என்று சொல்ல முடியவில்லை.

தாளத்தைப் பற்றிக் குழுவுக்குள் ஒரு விவாதம் நடந்தது. டிரம்ஸ் வாசித்தவருடைய தாத்தா சாவு வீடுகளிலும் கோயில் விழாக்களிலும் தப்பு அடித்தவர். பேஸ் வாசித்தவரும் கிட்டார் வாசித்தவரும், இரண்டு பாடல்களில் பறையைச் சேர்த்தால் குழுவுக்கென்று ஓர் அடையாளம் கிடைக்கும் என்றார்கள். டிரம்ஸ் வாசித்தவர் மறுத்துவிட்டார். தன் தாத்தாவின் கையில் அது சாதியின் பேரால் சுமத்தப்பட்ட கட்டாய வேலையாக இருந்தது. அதை விட்டு விலகுவதற்காகவே தந்தை தன்னைச் சபைக்கு அனுப்பினார். இப்போது மேடைக்கு அழகாக இருக்கும் என்பதற்காக அதைத் தன் கையில் கொடுக்க வேறு எவருக்கும் உரிமை இல்லை, தனக்குத் தோன்றினால் தானே எடுத்துக்கொள்வேன் என்பது அவருடைய வாதம். மற்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் ஏற்றுக்கொண்டதை இந்தக் குழுவின் நேர்மைக்கு நான் காணும் சிறந்த சான்றாகக் கருதுகிறேன். ஆயினும் அவருடைய அடியில், முக்கியமாக வேகமான இடங்களில், சேலத்து மாரியம்மன் விழாக்களில் கேட்கும் பம்பையின் உருட்டல் இருந்தது. அதை யாரும் கேட்டு வாங்கவில்லை.

மூன்று மேடைகள்

முதல் மேடை ஒரு பொறியியல் கல்லூரியின் கலைவிழா. அங்கே போட்டிகள் இரண்டு வகை: மெல்லிசை என்றால் திரைப்பாடல் பாட வேண்டும், வெஸ்டர்ன் பேண்ட் என்றால் ஆங்கிலத்தில் பாட வேண்டும். தமிழில் சொந்தப் பாட்டு என்பதற்கு விண்ணப்பப் படிவத்தில் கட்டமே இல்லை. பாடல் வரிகளை முன்கூட்டியே தர வேண்டும் என்ற விதியும் இருந்தது. அபராதத்தைப் பற்றிய பாடலைத் தவிர்த்துவிட்டு வேறு இரண்டைக் கொடுத்து, மேற்கத்தியப் பிரிவில் பாடி, பரிசு இல்லாமல் இறங்கினார்கள். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

இரண்டாவது மேடை ஆடி மாதத்தில். குகை, அம்மாப்பேட்டை பகுதிகளில், சாமி வேடமிட்டவர்கள் அலங்கார வண்டிகளில் வரும் வண்டி வேடிக்கையும், கோட்டை மாரியம்மன் கோயில் பெருவிழாவும் நடக்கும் அந்த வாரங்களில் சேலத்தில் தெருவுக்குத் தெரு மைக் செட் கட்டியிருக்கும். ஒரு தெருவின் விழாவில் ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் சாப்பிடப் போகும் இடைவேளையில் இவர்கள் வாசிக்கலாம் என்று ஒலி அமைப்பாளர் பேசி வாங்கிக் கொடுத்தார். அவர் இவர்களைத் தம்பி என்பார். இவர்களுக்கு அவர் அண்ணா. மூன்று பாடல்கள் பாடினார்கள். முன்வரிசையில் இருந்த சிறுவர்கள் முதல் பாட்டிலேயே எழுந்து ஆடத் தொடங்கிவிட்டார்கள். ஃபிளக்ஸ் பிரமுகர் பாட்டுக்குப் பின்வரிசையில் நின்ற ஆண்களிடமிருந்து சிரிப்பும் விசிலும் வந்தன, ஏனென்றால் அந்தப் பாட்டில் வரும் பலகை மேடைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. ஒரு பாட்டி, இவ்வளவு வேகமாக அடிக்கத் தெரிந்தவர்கள் ஓர் அம்மன் பாட்டும் பாடலாமே என்று கேட்டார். சேலத்தில் கேட்பவர் இல்லை என்ற வாதத்துக்கு எதிரான முதல் சான்று இந்த இரவு. மறுநாள் விழாக்குழுவினர், அடுத்த ஆண்டும் வரலாம், ஆனால் சினிமாப் பாட்டு பாட வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். அவர்கள் சொன்னதிலும் தவறில்லை; தெருவில் வசூலித்த பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

மூன்றாவதுதான் அவர்களே நடத்திய கச்சேரி. இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

நியூயார்க்கில் பங்க் வளர்ந்தது பவரி தெருவில் 1973இல் திறந்த சிபிஜிபி என்ற மதுக்கூடத்தில். நாட்டுப்புற இசைக்கென்று திறந்த அந்த இடத்தில், வாசிக்க வரும் குழுக்கள் சொந்தப் பாடல்களைத்தான் வாசிக்க வேண்டும் என்று உரிமையாளர் விதி வைத்திருந்தார். நம் விழாக்குழுக்களின் விதிக்கு நேர் எதிரான அந்த ஒரு விதி எத்தனை குழுக்களை உருவாக்கியது என்பது தெரிந்த வரலாறு. வாஷிங்டனில், மதுக்கூடத்துக்குள் நுழைய வயது போதாத பையன்கள் 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேவாலயக் கூடங்களையும் சமூகக் கூடங்களையும் பயன்படுத்திக்கொண்டார்கள். இரண்டு இடத்திலும் பொதுவானது ஒன்றுதான்: ஒரு மாலைப் பொழுதுக்கு மட்டும் குறைந்த செலவில் கிடைக்கும், என்ன பாடுவாய் என்று கேட்காத ஓர் அறை. சேலத்தில் அப்படி என்ன இருந்தது? தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை 2003 முதல் டாஸ்மாக் வசம் இருக்கிறது. அந்தக் கடைகளை ஒட்டிய பார்களில் மேடையைக் கற்பனை செய்வதே வீண். பொதுக் கலையரங்கம் பெரியது, விண்ணப்பமும் அனுமதியும் கேட்பது. சபைக் கூடத்தில் இந்தப் பாடல்களைப் பாட முடியாது என்பதை டிரம்ஸ் வாசித்தவரே முதலில் சொல்லிவிட்டார். எஞ்சியது கல்யாண மண்டபம்.

மண்டபத்துக்கு வாடகை மணிக்கணக்கில் கிடையாது. முகூர்த்தக் கணக்கில், முதல் நாள் மாலை தொடங்கி மறுநாள் மதியம் வரை. ஆனால் முகூர்த்தமே இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். அப்போது பேசினால் மேலாளர் பாதிக்கும் குறைவாகவே கேட்பார். இதைக் கண்டுபிடித்தவர் கிட்டார் வாசித்தவர், வீட்டில் அக்கா கல்யாணத்துக்கு மண்டபம் தேடி அலைந்த அனுபவத்தில். ஆடியில் மண்டபம் மலிவு, ஆனால் ஊரிலுள்ள மைக் செட் எல்லாம் திருவிழாக்களில் கட்டியிருக்கும். இரண்டும் சேர்ந்து கிடைப்பது மார்கழியில் மட்டுமே. ஆகவே 2013ஆம் ஆண்டு மார்கழிக்கு அம்மாப்பேட்டையில் ஒரு சிறு மண்டபத்தைப் பேசினார்கள். சென்னையில் சபாக்கள் நிரம்பி வழியும் அதே மாதம் என்பது தற்செயல்தான். ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. இவர்களோ மூடிய மண்டபத்துக்குள் மாலை ஏழு மணிக்கே தொடங்கினார்கள். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தபோது என்ன விசேஷம் என்று கேட்டார்களாம். விசேஷம் எதுவும் இல்லை, பாட்டு மட்டும்தான் என்ற பதிலைப் புரியவைக்கவே வெகுநேரம் பிடித்தது என்று பாடியவர் சொன்னார்.

கீழ்த்தளம் நிறையும் அளவுக்குக் கூட்டம் வந்தது. ஃபிளக்ஸ் கடை நண்பர்கள், பட்டறைப் பையன்கள், இரண்டு கல்லூரிகளின் மாணவர்கள், ஆடி மாதம் கேட்டவர்களில் சிலர், ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்து கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு மண்டபத்திலேயே படுத்துக்கொண்ட ஒரு கும்பல். நின்றுகொண்டு கேட்கும்படி நாற்காலிகளை ஓரமாக அடுக்கியிருந்தார்கள். நாற்காலி இல்லாத விசேஷத்தைப் பார்த்திராத மேலாளர் கவலைப்பட்டு இரண்டு வரிசையைத் திரும்பப் போட்டார். ஒலி அமைப்பாளர் மெல்லிசைக் கச்சேரிப் பழக்கத்தில் குரலுக்கு எக்கோவைத் தாராளமாகத் திறந்துவிட்டதால், நொடிக்கு ஆறு ஒலி என்ற வேகத்தில் வரும் வரிகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து முதல் இரண்டு பாடல்களில் ஒரு சொல்லும் புரியவில்லை. பாடியவர் சைகை காட்ட, அவர் இன்னும் கொஞ்சம் எக்கோ கேட்கிறார்கள் என்று நினைத்துக் கூட்டினார். மூன்றாவது பாட்டில்தான் சரியானது.

பதினொரு பாடல்களும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டன. மேடையில் நால்வரும் வணக்கம் சொன்ன பிறகும் யாரும் நகரவில்லை. ஆர்க்கெஸ்ட்ரா என்றால் மூன்று மணி நேரம் என்று பழகிய கூட்டம், இது இடைவேளை என்று நினைத்து வெளியே போய்த் தட்டுவடை செட் தின்றுவிட்டுத் திரும்பி வந்தது. வேறு வழியின்றி அதே பதினொன்றையும் முதலிலிருந்து மறுபடியும் வாசித்தார்கள். இரண்டாம் முறை கூட்டத்துக்கு வரிகள் பிடிபட்டுவிட்டதால், எடுத்துக்கொடுக்கும் இடங்களில் மண்டபம் முழுவதும் வாங்கிச் சொன்னது. நான் கேட்டவற்றில் அந்த இரண்டாம் சுற்றுக்கு இணையான கச்சேரிகள் குறைவு.

வரவு செலவும் மோசமில்லை. வாசலில் வைத்த உண்டியலில் விழுந்த பணம் மைக் செட் வாடகையை அடைத்தது. மண்டப வாடகையைக் கிட்டார்க்காரர் கையிலிருந்து போட்டார். மின்சாரத்தை நம்ப முடியாமல் எடுத்துவைத்த ஜெனரேட்டரின் வாடகையும் டீசலும்தான் மண்டப வாடகையையே மிஞ்சிவிட்டன.

ஏன் இரண்டாவது முறை நடக்கவில்லை

தை பிறந்ததும் மண்டபம் முகூர்த்தங்களுக்குப் போய்விட்டது. அடுத்த ஆடியில் மண்டபம் இருந்தது, மைக் செட் இல்லை. அடுத்த மார்கழிக்குள் கிட்டார் வாசித்தவர் வளாகத் தேர்வில் வேலை கிடைத்துப் பெங்களூருக்கும், பேஸ் வாசித்தவர் மேற்படிப்புக்கும் போய்விட்டார்கள். ஆண்டுக்கு ஒரே ஒரு வாய்ப்பு என்ற கணக்கில், மூன்று ஆண்டு ஆயுள் கொண்ட மாணவர் குழுவுக்கு ஒரு கச்சேரி கிடைத்தது பெரிய விஷயம். மும்பையில் அதே காலத்தில் தி ராயட் பெட்லர்ஸ் போன்ற பங்க் குழுக்கள் இயங்கின. பெருநகரத்தின் மதுக்கூட மேடைகளை நம்பி ஒரு குழு தன்னைத் திருத்திக்கொண்டே போகலாம். இவர்கள் எக்கோ சிக்கலைத் திருத்திக்கொள்ளவே அடுத்த மார்கழிவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இடையில் ஓர் அழைப்பு வந்தது உண்மை. மண்டபக் கச்சேரியைக் கேள்விப்பட்ட ஒரு கட்சியின் உள்ளூர் நிர்வாகி, பொதுக்கூட்டத்துக்கு முன் கூட்டம் சேரும்வரை வாசிக்கும்படியும், போக்குவரத்தும் சாப்பாடும் போகத் தொகையும் தருவதாகவும் சொன்னார். ஃபிளக்ஸ் பாட்டை மட்டும் விட்டுவிட வேண்டும். டிரம்ஸ் வாசித்தவரும் பேஸ் வாசித்தவரும் போகலாம் என்றார்கள். மேடை இல்லாமல் இருப்பதைவிட இது மேல் என்பது அவர்கள் கணக்கு. மற்ற இருவரும் மறுத்தார்கள். போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒத்திகைக்கு வருவதில் ஒரு சுணக்கம் வந்துவிட்டது என்பதை நால்வருமே ஒப்புக்கொள்கிறார்கள்.

சேலத்தின் இசை வரலாற்றை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. 1930களில் டி. ஆர். சுந்தரம் ஏற்காடு சாலையில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த காலத்தில், ஜி. ராமநாதன் போன்றவர்கள் இசையமைக்க இந்த ஊரிலிருந்து பாட்டு நாடெங்கும் போனது. அதுவும் முதலாளி கேட்டு, சம்பளம் கொடுத்து நடந்த இசை. கோயில், கல்யாணம், கட்சி, கல்லூரி, ஸ்டுடியோ என்று இங்கே எல்லா இசைக்கும் அழைப்பவர் ஒருவர் உண்டு. 2018 ஜனவரியில் சென்னையில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு பத்தொன்பது கலைஞர்களோடு முதல் மேடை ஏறியபோது கானாவும் ராப்பும் ராக்கும் சேர்ந்து சாதியை நேரடியாகக் கேள்வி கேட்டன, அதற்கும் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் என்ற அழைப்பவர் இருந்தார். என்ன பாட வேண்டும் என்று தெரிந்து அழைத்தவர் என்பதே அங்கே வேறுபாடு. அப்படி ஓர் அழைப்பவர் சேலத்தில் 2013இல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. மார்கழியில் மட்டும் கிடைத்த மண்டபம் மாதம் ஒரு மாலை கிடைத்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

ஒலிப்பதிவும் சொத்துப் பிரிவினையும்

கலைவதற்கு முன் ஏற்காட்டில், பேஸ் வாசித்தவரின் வீட்டில், ஒரு மடிக்கணினியில் ஆடாசிட்டி மென்பொருளைக் கொண்டு நான்கு பாடல்களைப் பதிவு செய்தார்கள். டிரம்ஸ் செட்டை இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏற்றிச் செல்ல வண்டி கிடைக்காததால், ஸ்நேர் என்ற சிறு டிரம், ஹை-ஹேட் என்ற இரட்டைத் தாளத்தட்டு இரண்டை மட்டும் பஸ்ஸில் கொண்டுபோய், பேஸ் டிரம்முக்குப் பதிலாக ஒரு காலி மரப்பெட்டியை உதைத்தார்கள். கேட்பவர்களுக்கு அது தெரிவதில்லை.

அந்த நான்கையும் பழைய பஸ் ஸ்டாண்டு அருகில், மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் கடைகளில் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் சிறு நகரத்தில் பாட்டு பரவிய உண்மையான வழி அதுதான். கடைக்காரர்கள் அவற்றைக் குத்துப்பாட்டு ஃபோல்டரில் போட்டுவிட்டார்கள். பெயர் எதுவும் இல்லாமல், வரிசை எண்ணோடு மட்டும். ஷேர் ஆட்டோ ஒன்றில் தங்கள் பாட்டு ஓடுவதைக் கேட்டு டிரம்ஸ் வாசித்தவர் ஓட்டுநரிடம் யாருடைய பாட்டு என்று விசாரித்திருக்கிறார். ஏதோ புதுப்படம் என்று பதில் வந்தது.

கலைந்தபோது ஆம்பை ஒலி அமைப்பாளர் எடுத்துக்கொண்டார். இன்றும் திருவிழாக்களில் அது உழைக்கிறது. சபையின் டிரம்ஸ் சபைக்கே போனது. அதை வாசித்தவர் இப்போது அங்கே சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார். தறிக்குடோனில் மீதித் தறிகளும் விற்கப்பட்டு, இடம் நூல் மூட்டைகள் வைக்க வாடகைக்குப் போயிருக்கிறது. நான்கு பாடல்களையும் இணையத்தில் ஏற்றலாமா என்று நால்வரும் சென்ற ஆண்டு பேசினார்கள். கிட்டார் வாசித்தவரும் பேஸ் வாசித்தவரும் ஏற்றிவிடலாம் என்றார்கள். பாடியவர், மரப்பெட்டியை உதைத்துப் பதிந்ததை வேண்டாம், எல்லாவற்றையும் புதிதாகப் பதிய வேண்டும் என்றார். அப்படியானால் எங்கே ஒத்திகை பார்ப்பது என்று டிரம்ஸ் வாசித்தவர் கேட்டதற்கு, மார்கழி மண்டப வாடகை இப்போது என்னவென்று விசாரிக்கும் பொறுப்பைக் கிட்டார் வாசித்தவரிடமே விட்டிருக்கிறார்கள்.